அண்ணாச்சி, கேஸுக்கு நாத்தம் எங்கருந்து வருது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பர்னர் சுத்தம் பண்ணுறத பத்தி எழுதும்போது நடுவுல ஒரு வரி போட்டிருந்தேன், "கேஸுக்குன்னு சொந்தமா நாத்தம் கிடையாது, அது நாம சேக்குறது"ன்னு. இந்த தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாம் அந்த ஒரு வரிய பிடிச்சுத்தான் வந்திருக்கு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அடுப்பு ரிப்பேர் பாத்தவன் நான், இதப்பத்தி கேட்டா எனக்கு சந்தோஷம்தான், அதனால இந்த வாரம் பூராவும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

எங்க வீட்ல ட்யூப் லேசா கழண்டாலே வீடு பூரா நாறுது, நீங்க நாத்தமே கிடையாதுங்கிய. அப்ப அது என்ன? காசு செலவழிச்சு எதுக்கு நாத்தத்த சேக்கணும்?
– வாசகி, மேலப்பாளையம்

சமையல் கேஸுங்கிறது புரோபேனும் பியூட்டேனும் கலந்தது தாயி. அந்த ரெண்டுக்கும் நிறமும் கிடையாது, சுத்தமா எடுத்தா நம்ம மூக்குக்கு தெரியுற மாதிரி வாடையும் கிடையாது. உங்க அடுப்படில நாறுறது எத்தில் மெர்காப்டன்னு ஒரு கந்தகச் சரக்கு, அத கணக்கா அளந்து கேஸோட கலந்துதான் அனுப்புறாங்க.

இதுல ஒரு சங்கதி இருக்கு. பூமியில இருந்து வரும்போது கச்சா எண்ணெயிலயும் கேஸ்லயும் கந்தகம் ஏற்கனவே கிடக்கும், ஆனா அது பித்தளை வால்வு, செம்புக் குழாயெல்லாம் அரிச்சிரும்ங்கிறதால சுத்திகரிப்பு ஆலையில மெனக்கெட்டு அத நீக்கிருதாங்க. நீக்கி முடிச்ச பொறவு இந்த மெர்காப்டன கொஞ்சூண்டு திரும்ப சேக்காங்க. ஒரு கையால எடுத்து இன்னொரு கையால போடுத மாதிரி தெரியும், ஆனா எடுத்தது எவ்வளவுன்னு தெரியாத அழுக்கு, போடுறது அளந்த மருந்து.

எவ்வளவு போடுறாங்கன்னா, அமெரிக்காவுல ரொம்ப காலமா வச்சிருக்க கணக்கு 10,000 கேலனுக்கு ஒரு பவுண்டு. அந்தக் கணக்க நம்ம 14.2 கிலோ சிலிண்டருக்கு போட்டுப் பாத்தா ஒரு கிராம்ல மூணுல ஒரு பங்குதான் வருது, அதாவது சில சொட்டு! அந்த சில சொட்டு போதும், ஏன்னா நூறு கோடி பங்கு காத்துல ஒரு பங்குக்கும் குறைவா இருந்தாக்கூட மனுஷ மூக்கு இத பிடிச்சிரும்.

எதுக்குன்னு கேட்டியள்ளா. நம்ம கேஸு காத்துல ஏறக்குறைய 2 சதவீதம் கலந்துட்டா தீப்பிடிக்க ரெடி. பத்தடிக்கு எட்டடி, பத்தடி உசரம் உள்ள ஒரு அடுப்படிய எடுத்துக்கோங்க, கணக்குப் பண்ணினா ஒரு கிலோ கேஸு பக்கம் வெளிய வந்தாலே ரூம் பூராவும் அந்த நிலைக்கு வந்துரும், நிறைஞ்ச சிலிண்டர்ல அது பதினாலுல ஒரு பங்கு கூட கிடையாது. இதுல கேஸு காத்த விட ஒண்ணரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு கனம், ரூம் பூராவும் பரவாது, தண்ணி மாதிரி தரையிலயே தேங்கும், அதனால கீழ்மட்டத்துக்கு ஒரு கிலோ கூட வேண்டாம். அந்த ஆபத்தான அளவுல அஞ்சுல ஒரு பங்கு வரும்போதே மனுஷனுக்கு வாடை தெரிஞ்சிரணும், அதுதான் இந்த நாத்தத்துக்கு வச்சிருக்க சட்டம். அஞ்சுல நாலு பங்கு நேரம் உங்க கையில, ஜன்னல திறக்கலாம், பிள்ளையள வெளிய கூட்டிட்டுப் போகலாம்.

இந்தப் பழக்கம் சும்மா வரல. 1937 மார்ச் 18, அமெரிக்காவுல டெக்சாஸ் மாகாணத்துல நியூ லண்டன்னு ஒரு ஊரு, எண்ணெய்க் கிணறு உள்ள ஊரு. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல ஹீட்டருக்கு எண்ணெய் வயல்ல மிஞ்சுற கேஸ குழாய் போட்டு எடுத்திருந்தாங்க, செலவு மிச்சம்னு. அது இயற்கை எரிவாயு, நாத்தம் எதுவும் சேக்காதது. எங்கயோ கசிஞ்சு கட்டிடத்துக்கு அடியில உள்ள காலி இடத்துல நாளுக்கணக்குல நிறைஞ்சிருக்கு, பிள்ளைகளுக்கு தலைவலி வந்திருக்கு, ஆனா யாருக்கும் ஒரு வாடையும் தெரியல. பள்ளிக்கூடம் விடப்போற நேரம், தச்சுவேலை வகுப்புல மரம் தேய்க்கிற கரண்ட் மெஷின போட்டிருக்காங்க, அந்தப் பொறில கட்டிடமே வெடிச்சிருச்சு. ஏறக்குறைய 300 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் பிள்ளைங்க. அந்த வருஷமே டெக்சாஸ்ல கேஸுக்கு நாத்தம் சேக்கணும்னு சட்டம் வந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு நாடா அதே வழிக்கு வந்தாச்சு. நான் இத முதல்ல படிச்ச அன்னைக்கு கடையில ஸ்பேனர கீழ வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். உங்க வீட்ல ட்யூப் கழண்ட உடனே நாறுதுன்னு சொன்னியள்ளா, அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கல.

நாத்தம்தான் சேக்கணுமா? மல்லிகைப்பூ வாசனை, சந்தன வாசனைன்னு நல்லதா சேத்தா என்ன?
– வாசகர், சங்கரன்கோவில்

பூ விளையுற ஊர்ல இருந்து இந்தக் கேள்வி வராம எப்படி! ஆனா யோசிச்சுப் பாருங்க, உங்க ஊர்ல ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படில மல்லிகை வாசம் வந்தா யாரு எந்திரிச்சு பாப்பா? பக்கத்து வீட்டு மைனி பூ வச்சிருக்கான்னு திரும்பிப் படுத்துருவோம். நாத்தம் வந்தா மட்டும்தான் எது செத்துக் கிடக்குன்னு தேடுவோம். வேற எதோடவும் குழம்பிரக் கூடாது, பழகிப்போய் பிடிச்சும் போயிரக் கூடாது, ரொம்ப கம்மியா இருந்தாலும் தெரியணும், கேஸோட சேந்து ஆவியாகணும், அடுப்புல எரியும்போது அதுவும் எரிஞ்சு தீந்துரணும். எரிஞ்ச பிறகு நம்ம சோத்துல அந்த நாத்தம் வரல பாத்தியளா, அது அதனாலதான்.

செத்த உடம்பு அழுகும்போதும் இதே ஜாதி கந்தக வாடை வரும். அமெரிக்காவுல பிணந்தின்னிக் கழுகுல ஒரு வகை மோப்பம் பிடிச்சே இரை தேடும், அது கேஸ் பைப்லைன் கசியுற இடத்துக்கு மேல வந்து வட்டம் போட, அத பாத்து லீக் எங்கன்னு ஆளுங்க கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம பக்கத்து கழுகுக்கு அந்த வேலை ஆகாது, அது கண்ணால பாத்து இரை தேடுற ஜாதி.

எங்க வீட்ல அப்பளம் போடுறோம், பெருங்காய வாடை எந்நேரமும் இருக்கும். சிலிண்டர் தீரப்போற நேரத்துல மட்டும் கேஸ் வாடை தூக்கலா வருது, லீக்கா இல்ல வேற எதுவுமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பெருங்காயமும் கந்தகச் சரக்குதான் அக்கா, வெங்காயம் பூண்டும் அப்படித்தான், அதனாலதான் அந்த வாடையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க மாதிரி இருக்கு. நாள் பூரா பெருங்காயத்துக்குள்ள இருக்க மூக்கு இந்த வாடைக்கு மரத்துத்தான் இருக்கும், அத நம்பாதிய.

தீரப்போற நேரத்து வாடைக்கு காரணம் உண்டு. சிலிண்டருக்குள்ள கேஸு தண்ணி மாதிரி திரவமா கிடக்கு. புரோபேன் மைனஸ் 42 டிகிரிலயே கொதிச்சு ஆவியாகுற பொருள், பியூட்டேன் சைபருக்கு பக்கத்துல, மெர்காப்டன் 35 டிகிரி. அப்போ லேசானது முன்னாடி ஓடிரும், மெர்காப்டன் பின்தங்கி அடியில சேந்துக்கிட்டே வரும், கடைசில வர்ற ஆவில அதோட பங்கு கூடிரும். சாம்பார்ல தெளிவ ஊத்த ஊத்த அடியில மண்டி நிக்கிற மாதிரி. அடுப்ப பத்த வைக்கிற அந்த நொடில மட்டும் வாடை அடிச்சு எரிஞ்சதும் நின்னுட்டா சிலிண்டர் தீருது, புதுசு புக் பண்ணுங்க. அடுப்பு எரியாத நேரத்துலயும் வாடை நின்னா அது லீக்குதான், சிலிண்டர் தீருதுன்னு சமாதானம் சொல்லிக்கிட்டு இருக்காதிய. ஒண்ணு சொல்லிருதேன், தீரப்போகுதுன்னு சிலிண்டர படுக்க வைக்கிறது, சுடுதண்ணில நிப்பாட்டுறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், படுக்க வச்சா கேஸு திரவமாவே ரெகுலேட்டருக்குள்ள ஏறும், ஒரு பங்கு திரவம் ஆவியானா 250 பங்குக்கு மேல விரியும்.

கொரோனா வந்து போனதுல இருந்து எங்க அம்மாவுக்கு வாசனையே தெரியல. தனியா இருக்காங்க. என்ன பண்ணலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

இந்தக் கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன், ஏன்னா இது எங்க வீட்லயே நடந்தது.

எங்க ஆச்சிக்கு டவுன்ல ஒரு வளவுல வீடு. வளவுன்னா தெரியும்லா, ஒரே வரிசை, சுவரு பொதுவு, ஒரு வீட்ல தாளிச்சா நாலு வீட்டுக்கு தெரியும். ஆச்சி மூக்குப்பொடி போடுவா, சின்ன வயசுல இருந்தே. மட்டை மடிச்சு முந்தானைல முடிஞ்சு வச்சிருப்பா. அத்தனை வருஷம் பொடி போட்ட மூக்குக்கு எதுவும் தெரியாது, பால் தீஞ்சாலே நாமதான் சொல்லணும். ஒரு நாள் மத்தியானம் புது சிலிண்டர் வந்துச்சு, கொண்டு வந்த பையன் மாட்டிட்டு செக் பண்ணாம அவசரத்துல போயிட்டான். பழைய வீடு, அடுக்களை தார்சாவ விட ஒரு படி பள்ளம். சாயந்தரம் வரைக்கும் அந்தப் பள்ளத்துல கேஸு நிறைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஆறு மணிக்கு ஆச்சி திருவிளக்கு ஏத்த தீப்பெட்டிய கையில எடுத்துட்டா, அப்ப பாத்து பக்கத்து வீட்டுப் பிள்ளை உறை மோர் கேட்டு கிண்ணத்தோட வந்திருக்கு. நடையில கால் வச்ச உடனே "ஆச்சி, கேஸு! கேஸு! தீப்பெட்டிய போடுங்க"ன்னு கத்தியிருக்கு. "நாத்தமா, எனக்கு ஒண்ணும் தெரியலயே தாயி"ன்னு ஆச்சி நிக்கா. அந்தப் பிள்ளை ஓடிப்போய் ரெகுலேட்டர திருகி, பின்வாசல் முன்வாசல் ரெண்டையும் திறந்து போட்டுட்டுத்தான் எனக்கு ஆள் விட்டுச்சு.

நான் போய் துணி சோப்ப தண்ணில கரைச்சு ரெகுலேட்டர் உக்காருற இடத்துல தடவிட்டு லேசா திறந்தேன். முதல்ல ஒண்ணும் தெரியல, அப்புறம் கடுகு மாதிரி ஒரு குமிழி, அது பெருத்து கொண்டைக்கடலை அளவுக்கு வந்து உடைஞ்சு, அதே இடத்துல அடுத்தது. சத்தமே கிடையாது. மூடிட்டு கழட்டி சிலிண்டர் வாய்க்குள்ள பாத்தா அந்த சின்ன கருப்பு வாஷர்ல நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு. அவ்வளவுதான் குத்தம்.

அதனால உங்க அம்மாவுக்கு நான் சொல்லுறது இது. கேஸ் டிடெக்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஆனா சுவத்துல உசரத்துல மாட்டிராதிய, நம்ம சிலிண்டர் கேஸு கீழதான் கிடக்கும், தரையில இருந்து ஒரு அடிக்குள்ள இருக்கணும். பைப்ல வர்ற இயற்கை எரிவாயுன்னா அது காத்த விட லேசு, அதுக்குத்தான் மேல மாட்டணும், கடையில கேட்டு வாங்குங்க. சிலிண்டர் மாத்துற ஒவ்வொரு தடவையும் சோப்புத்தண்ணி வச்சுப் பாக்கணும், கொண்டு வர்ற தம்பிகிட்டயே உரிமையா சொல்லுங்க "பாத்துட்டுப் போப்பா"ன்னு. சமையல் முடிஞ்சதும் அடுப்பு நாப் மட்டும் இல்ல, ரெகுலேட்டரும் மூடிரணும். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட அம்மாவுக்கு வாசனை தெரியாதுங்கிறத வெக்கப்படாம சொல்லி வைங்க. நல்ல மூக்கு உள்ளவங்களுக்கும் கூட கொஞ்ச நேரம் அந்த வாடைக்குள்ளயே இருந்தா மூக்கு மரத்துரும், வெளிய இருந்து வர்ற ஆளுக்குத்தான் சட்டுன்னு தெரியும். எங்க ஆச்சி வீட்டுக்கு வெளிய இருந்து ஒரு பிள்ளை வந்துச்சு.

ஹோட்டலுக்கு புதுசா கேஸ் டேங்க் வைக்கப் போறோம். புது டேங்க்ல வாடை குறையும்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?
– வாசகர், வண்ணார்பேட்டை

உண்மைதான் அண்ணாச்சி, இத தெரிஞ்சு கேக்குறவங்க ரொம்ப கம்மி. புது இரும்பு டேங்க், இல்லன்னா ரொம்ப நாள் காலியா திறந்து கிடந்து உள்ள காத்தும் ஈரமும் போன டேங்க், இதுல உள்பக்கம் துரு இருக்கும். அந்தத் துரு மெர்காப்டன பிடிச்சு வேற பொருளா மாத்திரும், அதுல நாத்தம் ரொம்ப கம்மி. கேஸு அப்படியே இருக்கும், வாடை மட்டும் போயிரும். புது டேங்க்ல கொஞ்சமா ஊத்தி நாளுக்கணக்குல வச்சா இது இன்னும் மோசம், அதனால முதல் தடவையே நல்லா நிறைக்கச் சொல்லுங்க, நிறைக்கிறதுக்கு முன்னால உள்ள உள்ள காத்த வெளியேத்தச் சொல்லுங்க, பொறவு வாடை சரியா இருக்கான்னு தெரிஞ்ச ஆள வச்சே பாருங்க. குழாய மண்ணுக்கடியில கொண்டு போறியன்னா அதுக்கும் சேத்து யோசிங்க, மண்ணுக்குள்ள கசிஞ்ச கேஸு மேல வர்றதுக்குள்ள மண்ணு வாடைய வடிகட்டிரும். பத்து பேர் நிக்கிற கிச்சன், கீழ்மட்டத்துல டிடெக்டர் இல்லாம திறக்காதிய.

புது ஏசில புரோபேன் இருக்குன்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கு. லீக் ஆனா நாறுமா?
– வாசகர், தென்காசி

நாறாது. ஸ்டிக்கர்ல ஆர் 290ன்னு இருந்தா புரோபேன், ஃப்ரிட்ஜ்ல ஆர் 600ஏன்னு இருந்தா ஐசோபியூட்டேன், ரெண்டுலயும் மெர்காப்டன் சேக்குறது இல்ல, ஏன்னா கம்ப்ரெசருக்குள்ள சுத்துற கேஸு சுத்தமா இருக்கணும். அளவு கம்மி, ஃப்ரிட்ஜ்ல பெரும்பாலும் நூறு கிராமுக்குள்ளதான். ஆனா ரிப்பேர் பாக்குற தம்பிகளுக்கு சொல்லுதேன், வாடை வரலியேன்னு நினைச்சு குழாய்ல நெருப்புக்காட்டி பத்தவைக்காதிய, இந்தக் கேஸு உங்கள எச்சரிக்காது. சமையல் சிலிண்டர் கேஸ ஏசில ஏத்துற வேலையும் வேண்டாம்.

ராத்திரி திடீர்னு வாடை வந்தா முதல்ல எத செய்யணும்? எங்க மாமியார் ஊதுபத்தி ஏத்தி வைன்னு சொல்லுதாவ.
– வாசகி, வள்ளியூர்

ஊதுபத்தியா! மாமியார்கிட்ட பதமா எடுத்துச் சொல்லுங்க, அது நெருப்பு, அதுக்கு மேல நம்மள எச்சரிக்கிற கேஸ் வாடையையும் அமுக்கிரும். லைட்டு போடக்கூடாது, எரியுற லைட்ட அணைக்கவும் கூடாது, சுவிட்ச்ல ரெண்டு பக்கமும் பொறி உண்டு. எக்ஸாஸ்ட் ஃபேன் கண்டிப்பா கூடாது. இருட்டுல தடவியே போய் ரெகுலேட்டர மூடி, கழட்ட முடிஞ்சா கழட்டி சிலிண்டரோட வர்ற மூடிய அது வாயில அமுக்கிப் போடுங்க, அந்த மூடிய தூக்கிப் போடாம கயித்துல சிலிண்டர்லயே கட்டி வைக்கணும்னு நான் சொல்லாத வீடு கிடையாது. கதவு ஜன்னல் எல்லாத்தையும் திற, குறிப்பா தரைமட்டத்துக்கு இறங்கியிருக்க பின்வாசல. பிள்ளையளோட வெளிய போய், வெளிய நின்னு போன் போடுங்க, 1906, நாடு பூரா கேஸ் லீக்குக்கு அதுதான் நம்பர். மூக்குல வாடை நின்னுபோச்சுன்னு நீங்களா உள்ள போயிராதிய, மூக்கு மரத்துருக்கும்னு மேல சொன்னேன்லா. ட்யூப்ல தேதி போட்டிருக்கும், அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா நாளைக்கே மாத்துங்க.

மகேந்திரகிரில ராக்கெட் என்ஜினுக்கு ஹைட்ரஜன் ஊத்துறாங்களாம். அதுலயும் நாத்தம் சேப்பாங்களா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பணகுடி

நல்ல கேள்வி மக்கா, உங்க ஊரு மலையடிவாரத்துலதான நடக்குது. இஸ்ரோ அங்க கிரையோஜெனிக் என்ஜின, அதாவது கடுங்குளிர்ல திரவமாக்குன எரிபொருள்ல ஓடுற என்ஜின, சோதிச்சுப் பாக்குற இடத்துல ஹைட்ரஜன திரவமாக்கி வச்சிருக்காங்க, அதுக்கு மைனஸ் 253 டிகிரி குளிர் வேணும். மெர்காப்டன் மைனஸ் 148லயே உறைஞ்சு கல்லாயிரும், அப்புறம் எங்க கலக்குறது, கலந்தாலும் குழாய்லயும் வால்வுலயும் போய் அடைச்சுக்கிடும். அதனால சேக்குறது இல்ல. ஹைட்ரஜனுக்கு சொந்தமா வாடையும் கிடையாது, பகல் வெளிச்சத்துல எரிஞ்சா அந்தச் சுடர் கண்ணுக்கே சரியா தெரியாது. நம்ம சமையல் கேஸு தரையில கிடக்குமுன்னா இது நேர் எதிரு, விட்டா மேல பாஞ்சிரும், அதனால அதுக்கு சென்சார மேலதான் வைக்கணும். அங்க மோப்பம் பிடிக்கிற வேலைய சென்சாருங்கதான் பாக்குது.